பாதிப் பெயரோடு ஓர் இயங்குதளம்

2016 மார்ச் 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தன் நிரலாளர் மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. விண்டோஸ் 10 கணினியை விட்டு வெளியேறாமல், அதற்குள்ளேயே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிரல்களை இயக்கலாம் என்பதுதான் செய்தி. விண்டோஸுக்குள் லினக்ஸ் நுழைந்துவிட்டது என்று கணினி உலகம் முழுக்கப் பேச்சானது. நிறுவனமும் அந்த வசதிக்கு லினக்ஸின் பெயரையே சூட்டியது. ஆனால், அந்த முதல் பதிப்பில் லினக்ஸ் இருக்கவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னலின் ஒரு வரிகூட அதில் கிடையாது. நிரல்கள் லினக்ஸ் கெர்னலிடம் கேட்கும் உதவிகளை விண்டோஸ் இடையில் வாங்கித் தானே செய்துகொடுத்தது. பயனர் கண்ணால் பார்த்து, கையால் இயக்கிய பாஷ் ஷெல், கோப்புகளைப் பட்டியலிடவும் நகலெடுக்கவும் தேடவும் உதவிய சிறு கருவிகள், அவற்றுக்கு அடியில் இருந்த சி நிரலகம், ஜிசிசி கம்பைலர் எல்லாமே குனு திட்டத்தில் உருவானவை. அசல் லினக்ஸ் கெர்னலைச் சேர்க்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2019இல், இரண்டாம் பதிப்புக்காக. ஆக, லினக்ஸ் அறவே இல்லாத ஒன்று மூன்று ஆண்டுகள் லினக்ஸ் என்று அழைக்கப்பட்டது. அதில் முழுக்க நிறைந்திருந்த குனுவின் பெயரைப் பெரும்பாலோர் சொல்லவில்லை.

லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் இயங்குதளத்தைக் குனு/லினக்ஸ் என்று அழைப்பதே சரி என்பது என் கருத்து. குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1990களின் நடுவிலிருந்து வலியுறுத்திவருவதும் இதைத்தான். பொதுவாக இதைப் பெருமைக்கான சண்டை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உழைத்தவருக்குப் பெயர் சேர வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான் என்றாலும் எனக்கு அது இரண்டாம் பட்சம். அந்த இயங்குதளம் எதற்காக உருவாக்கப்பட்டது என்ற காரணம், விடுபட்டுப்போன பாதிப் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மறைந்தபோது காரணமும் கூடவே மறைந்தது. அதனால் யாருக்கு என்ன நட்டம் என்பதை இன்று நம் கைபேசியை எடுத்துப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் எது என்ன என்று பிரித்துக்கொள்வோம். இயங்குதளத்தின் அடியில் இருப்பது கெர்னல். எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், இந்த நொடியில் எது ஓட வேண்டும், வட்டில் எங்கே எழுதுவது, விசைப்பலகையில் தட்டியதை யாரிடம் சேர்ப்பது என்று பங்கு பிரிப்பது அதன் வேலை. அது இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால், கெர்னலை மட்டும் ஒரு கணினியில் ஏற்றினால், திரையில் சில நூறு வரிகள் ஓடும். பிறகு, தொடங்கிவைக்க வேண்டிய முதல் நிரலைக் காணோம் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுபோகும். மனிதர் பயன்படுத்தும் கணினியாக அது மாற ஷெல் வேண்டும், நிரலகம் வேண்டும், கம்பைலர் வேண்டும், நூற்றுக்கணக்கான கருவிகள் வேண்டும். இவை எல்லாம் சேர்த்துத் தொகுக்கப்பட்ட டெபியன் ஓடும் கணினி ஒன்றில் ‘யுநேம்’ என்ற கட்டளையிடம் கெர்னலின் பெயரைக் கேட்டால் ‘லினக்ஸ்’ என்கிறது. இயங்குதளத்தின் பெயரைக் கேட்டால் ‘குனு/லினக்ஸ்’ என்கிறது. அந்தக் கட்டளையே குனுவின் கருவிகளில் ஒன்று என்பதால் அதன் சாட்சியத்தை மட்டும் நம்பித் தீர்ப்பெழுத வேண்டியதில்லை. டோர்வால்ட்ஸின் சாட்சியமே இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கதை யூனிக்ஸில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகம், எம்.ஐ.டி.யோடும் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான இயங்குதளத்தை உருவாக்கும் முயற்சியில் இருந்தது. 1969இல் அதிலிருந்து விலகிக்கொண்டது. அதே ஆண்டு கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் அங்கே சிறிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். மல்டிக்ஸ் என்ற பெயரைக் கிண்டலாகத் திருப்பிப்போட்டதில் பிறந்த பெயர்தான் யூனிக்ஸ். ஆய்வகத்துக்குச் சொந்தக்காரரான ஏடி அண்ட் டி நிறுவனம், அரசோடு 1956இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தொலைபேசி தவிர்த்த வேறு தொழிலில் இறங்க முடியாது. அதனால் யூனிக்ஸை விற்பனைச் சரக்காக்க வழியில்லாமல், பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு உரிமம் கொடுத்தது. மாணவர்கள் அதை வரிவரியாகப் படித்தார்கள், திருத்தினார்கள், ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். சிட்னியில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் மூலநிரலுக்கு எழுதிய விளக்கவுரை நகலுக்கு மேல் நகலாக நாடுகள் தாண்டிப் பரவியது. பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்துவதற்குத் தடை போட்டது. 1984 ஜனவரியில் ஏடி அண்ட் டி பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டதும் பழைய கட்டுப்பாடு விலக, யூனிக்ஸ் முழுமூச்சில் வணிகப் பொருளானது. படிக்கக் கிடைத்தது படிக்கக் கூடாததாக மாறிய அந்தச் சில ஆண்டுகளை நினைவில் வைக்க வேண்டும். பிறகு நடந்த எல்லாமே அதற்கான எதிர்வினைதான். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைப் புதிதாக எழுதி 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். அவருக்கும் முன்பே, எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்த ஸ்டால்மன் இன்னும் பெரிதாக ஒன்றை நினைத்தார்.

1983 செப்டம்பர் 27 அன்று ஸ்டால்மன் வெளியிட்ட அறிவிப்பில் இருந்தது ஒற்றைக் கருவிக்கான திட்டமல்ல. யூனிக்ஸோடு ஒத்துப்போகும் முழுமையான ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாகவும், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். ‘குனு என்பது யூனிக்ஸ் அல்ல’ என்று தன்னையே தன் விரிவாக்கத்தில் வைத்திருக்கும் அந்தப் பெயரே, எதிலிருந்து விலகி நிற்கிறோம் என்பதைச் சொல்வதற்காக வைக்கப்பட்டது. எழுதும் நிரலுக்குப் பல்கலைக்கழகம் உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்காக 1984 ஜனவரியில் வேலையை விட்டார். இயக்க, படிக்க, மாற்ற, பகிர உரிமை உள்ள மென்பொருளைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அந்த உரிமைகளைப் பின்னால் வருபவர் யாரும் பறித்துவிடாதபடி காக்க, 1989இல் ஜிபிஎல் என்ற பொது உரிமம் வெளியானது. மூலநிரலை எடுத்து மாற்றிப் பிறருக்குக் கொடுப்பவர், தன் மாற்றங்களையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். ஈமேக்ஸ் எழுதுவான், பிழைநீக்கி, 1987இல் ஜிசிசி கம்பைலர், 1989இல் பாஷ் என்று ஒவ்வொன்றாக வந்தன. சுவாரசியமானதை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. கோப்புகளைக் கட்டிவைக்கும் கருவி, வரிகளை அடுக்கும் கருவி என்று யாரும் புகழப்போகாத நூற்றுக்கணக்கான சிறு நிரல்களையும் உட்கார்ந்து எழுதினார்கள். முழு இயங்குதளம் என்பது இலக்காக இருந்தால்தான் ஒருவர் அந்த வேலையைச் செய்வார். மிச்சம் இருந்தது கெர்னல். அதில் குனு சறுக்கியது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக் என்ற நுண்கெர்னலை அடித்தளமாக வைத்து ஹர்ட் என்ற பெயரில் 1990இல் தொடங்கிய வேலை, எடுத்துக்கொண்ட வடிவமைப்பின் சிக்கலிலேயே இழுத்துக்கொண்டு போனது. இன்றுவரை அது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. இந்தத் தோல்வியை மறைத்துக்கொண்டு குனுவுக்காக வாதாட முடியாது. வாதாட வேண்டியதும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான டோர்வால்ட்ஸ் வருகிறார். 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களுக்கு அவர் அனுப்பிய செய்தி கணினி வரலாற்றில் மிகவும் புகழ்பெற்றது. தான் எழுதுவது வெறும் பொழுதுபோக்குக்காக, குனுவைப் போலப் பெரிதாகவோ தொழில்முறையாகவோ இருக்காது என்று அதில் சொல்கிறார். பாஷையும் ஜிசிசியையும் அதில் ஓடவைத்துவிட்டதாகவும் அதே செய்தியில் எழுதுகிறார். அதாவது, லினக்ஸ் உலகுக்கு அறிமுகமான அந்த முதல் செய்தியிலேயே ஒப்பிட்டுக்கொள்ள இருந்தது குனு, ஓட்டிக்காட்ட இருந்ததும் குனு. அடுத்த மாதம் 0.01 பதிப்பு சுமார் 10,000 வரிகளோடு வெளிவந்தது. அதோடு டோர்வால்ட்ஸ் எழுதிச் சேர்த்த குறிப்பு இந்த விவாதத்தில் இருப்பதிலேயே வலுவான ஆவணம் என்பேன். கெர்னல் மட்டும் இருந்தால் எங்கும் போய்ச்சேர முடியாது, வேலைசெய்யும் இயங்குதளத்துக்கு ஷெல்லும் கம்பைலர்களும் நிரலகமும் தேவை, லினக்ஸோடு பயன்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவை குனு மென்பொருள் என்று அதில் எழுதியிருக்கிறார். 21 வயதில் அவர் வெளிப்படையாகச் சொன்னதைத்தான் பிற்காலத்தில் அவரைக் கொண்டாடியவர்கள் மறந்தார்கள்.

லினக்ஸ் என்ற பெயரும் அவர் முதலில் தேர்ந்தெடுத்ததல்ல. தன் பெயரையே வைப்பது தற்பெருமையாகத் தெரியும் என்று ‘ஃப்ரீயாக்ஸ்’ என்று வைக்க நினைத்திருந்தார். பின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் கோப்பு சர்வரில் அதை ஏற்றிவைத்த ஆரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவராகவே ‘லினக்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்புறையைத் திறந்து அதற்குள் போட்டார். ஒரு கெர்னலுக்கான கோப்புறையின் பெயர்தான் பின்னர் ஒரு முழு இயங்குதளத்தின் பெயராக வளர்ந்தது. யாரும் திட்டமிட்டுக் குனுவை இருட்டடிப்புச் செய்யவில்லை என்பதை இதிலிருந்தே ஒப்புக்கொள்ளலாம். ஆனால், தற்செயலாக நடந்தது என்பதாலேயே அது சரியாகிவிடாது. அந்தக் கெர்னல் வளர்ந்த விதத்தையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் வைத்திருந்த உரிமம், அதை வைத்துப் பணம் வாங்கக் கூடாது என்றது. நெகிழ்வட்டில் நகலெடுத்துக் கொடுப்பவர் வட்டுக்கான செலவைக்கூட வாங்க முடியாது. 1992 தொடக்கத்தில் அவர் குனுவின் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார். அதன் பிறகுதான் விற்பவர்களும் தொகுப்பவர்களும் நிறுவனங்களும் உள்ளே வந்தார்கள். தான் செய்ததிலேயே மிகச் சிறந்த காரியம் அந்த மாற்றம்தான் என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆக, கெர்னலை இயக்கிப் பார்க்கக் கருவிகள், கம்பைல் செய்யக் கம்பைலர், வளர்க்க உரிமம் என மூன்றும் குனுவிலிருந்து வந்தன.

கெர்னலையும் கருவிகளையும் ஒன்றாகத் தொகுத்துத் தருவதை வழங்கல் என்பார்கள். 1993இல் இயன் மர்டாக் டெபியன் வழங்கலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு குனு திட்டத்தை நடத்தும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு நிதியுதவி செய்யத் தொடங்கியது. டெபியன் தன் பெயரை ‘டெபியன் குனு/லினக்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. நிதியுதவி ஓராண்டில் நின்ற பிறகும் அந்தப் பெயர் நின்றது. 1996இல் ஸ்டால்மன் ஈமேக்ஸின் ஒரு பதிப்பில் இரண்டு பெயர்களையும் பிசைந்து ‘லிக்னக்ஸ்’ என்று புகுத்திப் பார்த்தார். கடும் எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார். அது அவர் செய்த பிழை. மற்றவர் வைத்த பெயரைச் சிதைத்து உரிமை கேட்பது, நியாயமான கோரிக்கையையும் கேலிக்கு ஆளாக்கிவிடும். அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. லினக்ஸ் என்ற சொல்லை அமெரிக்காவில் தன் வணிகக்குறியாகப் பதிவுசெய்துகொண்ட ஒருவர், அதைப் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். நிறுவனங்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. 1997இல் அந்தக் குறி டோர்வால்ட்ஸின் பெயருக்கு மாற்றப்பட்டது. நியாயமான போராட்டம்தான். ஆனால், பெயரில் என்ன இருக்கிறது, வேலையைப் பாருங்கள் என்று குனுகாரர்களுக்கு அறிவுரை சொன்னவர்களே தங்கள் பெயருக்கு ஆபத்து வந்தபோது வழக்கறிஞர்களைத் தேடிப் போனார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் முக்கியம் என்பது எல்லாத் தரப்புக்கும் தெரியும்.

இனி, பெயர் போனதால் என்ன போனது என்ற கேள்வி. 1998 பிப்ரவரியில், நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்த சில நாட்களில், ‘ஓபன் சோர்ஸ்’ என்ற புதிய தொடர் பிறந்தது. சுதந்திரம், உரிமை என்றெல்லாம் பேசினால் நிறுவனங்கள் மிரள்கின்றன. தரமான மென்பொருளை உருவாக்கும் நல்ல வழிமுறை இது என்று மட்டும் சொல்வோம் என்பது அதன் அணுகுமுறை. அந்த அணுகுமுறை வெற்றிபெற்றது. ஆனால், வழிமுறையாக மட்டும் பார்க்கப்படும் ஒன்றில், பயனரின் உரிமை என்ற கேள்வி எழாமலே போய்விடும். டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுப்பெட்டி அதைக் காட்டிக்கொடுத்தது. அதற்குள் இருந்தது லினக்ஸ் கெர்னல். உரிமத்தின்படி மூலநிரலைக் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால், நீங்கள் ஒரு வரியை மாற்றி அதே பெட்டியில் ஏற்றினால், பெட்டி அதை இயக்க மறுக்கும். நிறுவனத்தின் மின்கையொப்பம் இருக்கும் நிரலை மட்டுமே அது ஏற்கும். படிக்கலாம், மாற்றலாம், ஆனால் உங்கள் காசில் வாங்கிய பெட்டியில் ஓட்ட முடியாது. இதைத் தடுக்கும் விதியோடு 2007 ஜூன் மாதம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. குனு கருவிகள் அதற்கு மாறின. லினக்ஸ் கெர்னல் மாறவில்லை. மூலநிரலில் செய்த மாற்றங்கள் திரும்பி வந்தால் எனக்குப் போதும், கருவியைப் பூட்டுவதும் பூட்டாததும் தயாரிப்பாளர் விருப்பம் என்பது டோர்வால்ட்ஸின் நிலைப்பாடு. அது ஒளிவுமறைவில்லாத நிலைப்பாடு, மரியாதைக்கும் உரியது. ஆனால் குனுவின் நிலைப்பாடு வேறு. இரண்டையும் ஒரே பெயருக்குள் போட்டு மூடினால், இப்படி ஒரு கருத்து வேறுபாடு இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாமல் போகும்.

நிறுவனங்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆப்பிள் தன் கணினிகளில் பாஷ் ஷெல்லைப் பல ஆண்டுகள் பழைய 3.2 பதிப்பிலேயே நிறுத்திவைத்திருந்தது. அடுத்தடுத்த பதிப்புகள் ஜிபிஎல் மூன்றுக்கு மாறியிருந்தன. 2019இல் வேறொரு ஷெல்லை முன்னிருப்பாக்கியது. கூகுள் ஆண்ட்ராய்டை உருவாக்கியபோது லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொண்டது. குனுவின் சி நிரலகத்தை எடுக்காமல், பயோனிக் என்ற தன் சொந்த நிரலகத்தை எழுதியது. கெர்னலுக்கு மேலே உள்ள அடுக்குகளில், பெற்றதைத் திருப்பித் தரக் கட்டாயப்படுத்தாத அப்பாச்சி உரிமத்தையே விரும்பித் தேர்ந்தது. நம்மில் பெரும்பாலோர் சட்டைப்பையில் வைத்திருப்பது அதைத்தான். உலகில் மிக அதிகமானவர்களின் கையில் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தக் கையின் சொந்தக்காரர் தன் கைபேசியில் மாற்றிய கெர்னலை ஏற்ற முடிகிறதா? பல கைபேசிகளில் முடியாது, தொடக்கநிரல் பூட்டப்பட்டிருக்கிறது. நீக்க முடியாத செயலிகளோடு கைபேசி வருகிறது. தயாரிப்பாளர் மேம்படுத்தலை நிறுத்திவிட்டால் நல்ல கைபேசி குப்பைக்குப் போகிறது. டெபியன் ஓடும் பழைய கணினியோ, உற்பத்தி செய்த நிறுவனம் மறந்த பிறகும் பல ஆண்டுகள் உழைக்கிறது. இரண்டிலும் அடியில் இருப்பது லினக்ஸ். ஒன்று பயனருக்குக் கட்டுப்பட்டது, இன்னொன்று தயாரிப்பாளருக்கு. இந்த வேறுபாட்டைச் சொல்ல ‘லினக்ஸ்’ என்ற சொல்லால் முடியாது. ஆண்ட்ராய்டில் குனு கிடையாது, டெபியனில் உண்டு என்ற எளிய உண்மையால் பெருமளவு முடியும்.

எதிர்வாதங்களில் மிகவும் பொதுவானது, மக்கள் எப்படி அழைக்கிறார்களோ அதுதான் பெயர் என்பது. பேச்சுவழக்கில் சுருக்கிச் சொல்வதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால், பாடநூலும் நாளிதழும் அரசு ஆவணமும் பேச்சுவழக்கின் வேலையைச் செய்பவை அல்ல. மேலும், இந்த வழக்கு மக்களிடமிருந்து தானாக முளைத்ததும் அல்ல. 1990களில் இதழ்களும் விற்பனை நிறுவனங்களும் எழுதி எழுதி நிலைநிறுத்தியது. எழுத்தால் வந்ததை எழுத்தால் திருத்தலாம்.

இதைவிடக் கனமானது அடுத்த வாதம். குனுவுக்குப் பெயரில் இடம் என்றால், திரையை வரையும் எக்ஸ் சாளர அமைப்புக்கு, கேடிஇக்கு, சிஸ்டம்டிக்கு, அப்பாச்சிக்கு எல்லாம் ஏன் இல்லை? பெயர் எங்கே போய் முடியும்? இதற்கு ஸ்டால்மன் ஒரு கணக்கை எடுத்துக்காட்டுவதுண்டு: 1990களில் ஒரு நிறுவனத்தின் வழங்கலில் குனு மென்பொருள் சுமார் 28 விழுக்காடு, லினக்ஸ் கெர்னல் சுமார் 3 விழுக்காடு. எனக்கு இந்தக் கணக்கின் மேல் பெரிய சாய்வு இல்லை. வரிகளை எண்ணிப் பெயர் வைப்பதென்றால், கெர்னல் பல மடங்கு பெருத்து, உலாவிகளும் அலுவலக மென்பொருள்களும் வந்து குவிந்துவிட்ட இன்றைய கணினியில் குனுவின் பங்கு சிறுத்துத்தான் தெரியும். அந்த அளவுகோலை நாளை நமக்கு எதிராகவே திருப்பலாம். சரியான விடை நோக்கத்தில் இருக்கிறது. மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பகுதியை அதன் சொந்தத் தேவைக்காக எழுதினார்கள். எக்ஸ் சாளர அமைப்பை எழுதிய எம்.ஐ.டி. குழு கட்டற்ற இயங்குதளத்துக்காக அதை எழுதவில்லை. முழு இயங்குதளம் ஒன்று கட்டற்றதாக இருக்க வேண்டும் என்று அறிவித்து, பட்டியல் போட்டு, கிடைத்ததைச் சேர்த்து, கிடைக்காததை எழுதி முடிக்கப் பார்த்தது இவற்றில் குனு மட்டும்தான். லினக்ஸ் வந்து பொருந்தியது அந்தப் பட்டியலின் கடைசிக் காலியிடத்தில். கெர்னல் இதயம் போன்றது, அதனால் அதன் பெயரே போதும் என்பார்கள். டெபியன் 2011இல் தன் ஆறாம் பதிப்போடு, லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி கெர்னலை வைத்து இன்னொரு வடிவத்தையும் சோதனையாக வெளியிட்டது. அதே கட்டளைகள், அதே தொகுப்புகள். அதன் பெயர் ‘டெபியன் குனு/கேஃப்ரீபிஎஸ்டி’. போதிய ஆளில்லாமல் பின்னர் அது நின்றுபோனது. ஆனாலும், கெர்னலை மாற்றினால் என்ன மாறும், என்ன மாறாது என்று அது தெளிவாகக் காட்டியது.

ஸ்டால்மன் என்ற மனிதரை முன்வைத்தும் வாதிடுகிறார்கள். தன் பேச்சுகளுக்கு எழுந்த கண்டனத்தால் 2019இல் எம்.ஐ.டி.யிலிருந்தும் அறக்கட்டளைத் தலைவர் பதவியிலிருந்தும் விலகினார். 2021இல் அறக்கட்டளையின் குழுவுக்குத் திரும்பியபோது மறுபடியும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கண்டனங்களைத் தள்ளுபடி செய்ய நான் வரவில்லை. ஆனால் நான் கேட்பது ஸ்டால்மனின் பெயரை அல்ல. 40 ஆண்டுகளாக எண்ணற்றோர் உழைத்த ஒரு திட்டத்தின் பெயரை. தன் பெயரே ஒட்டிக்கொண்டிருப்பது இந்தக் கதையில் டோர்வால்ட்ஸுக்குத்தான்.

காலம் மாறிவிட்டது என்பதே எனக்கு உண்மையில் யோசனை தரும் வாதம். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, குனுவின் அடிப்படைக் கருவிகளுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட மாற்றுக் கருவிகளை முன்னிருப்பாக வைத்திருக்கிறது. ஆல்பைன் போன்ற வழங்கல்கள் குனுவின் சி நிரலகத்தையே விலக்கி மஸ்ல் என்ற நிரலகத்தில் நெடுநாளாக ஓடுகின்றன. ஆல்பைனைக் குனு/லினக்ஸ் என்று அழைக்கச் சொல்ல மாட்டேன்; அது பொய்யாகும். உபுண்டுவிலும் சி நிரலகமும் ஜிசிசியும் பாஷும் இன்னும் குனுதான், அதனால் பெயர் இன்றைக்குப் பொருந்துகிறது. நாளை அவையும் போனால் பொருந்தாது. பாதுகாப்புக்காக ரஸ்ட் மொழிக்கு மாறுவது நல்ல காரணமே. ஆனால், புதிய கருவிகள் வந்திருப்பது எம்.ஐ.டி. உரிமத்தில். அதை எடுத்து மாற்றி, பூட்டி விற்பவர், மூலநிரலைத் திருப்பித் தர வேண்டியதில்லை. எத்தனை பயனர்கள் இதைக் கவனித்திருப்பார்கள்? தான் பயன்படுத்துவது ‘லினக்ஸ்’ என்று மட்டுமே தெரிந்தவருக்கு, அக்டோபருக்கு முன்னும் பின்னும் எந்த மாற்றமும் இல்லை. குனு என்ற சொல் தெரிந்திருந்தால், போனது எது, வந்தது எது, உரிமத்தில் என்ன மாறியது என்று கேட்கவாவது முடிந்திருக்கும். பெயரின் பயன் எனக்கு இதுதான்.

நம் பக்கத்தில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கேரளப் பள்ளிகளுக்கென்று தொகுக்கப்பட்ட இயங்குதளம் தொடக்கத்திலிருந்தே குனு/லினக்ஸ் என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் இயங்குதளத்தின் பெயரும் ‘பாஸ் குனு/லினக்ஸ்’ என்பதுதான். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் சேர்த்துத் தரப்பட்டது. ஆனால் வாங்கிய மாணவரிடம் அது ‘லினக்ஸ்’ என்றோ ‘பாஸ்’ என்றோதான் போய்ச்சேர்ந்தது. இலவசமாகக் கிடைத்த, விண்டோஸ் அல்லாத ஏதோ ஒன்று என்பதைத் தாண்டி, அதன் மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் தனக்கு உரிமை உண்டு என்று எவரும் சொல்லாததால், பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்றால் வியப்பில்லை. நம் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்கும் பாடம் ஒன்று இருக்கிறது. அதில் பயன்படும் கம்பைலர் கட்டளை ஜி++. அந்தக் கம்பைலர் குனுவின் ஜிசிசி குடும்பத்தைச் சேர்ந்தது. முன்னால் நிற்கும் ஜி, குனுவைக் குறிப்பது. அந்தப் பாடத்தோடு ஒரே ஒரு பக்கம் சேர்த்தால் போதும்: இதை எழுதியவர்கள் யார், 1983இல் எதற்காகத் தொடங்கினார்கள், இதன் உரிமம் படிக்கும் மாணவருக்கு என்னென்ன உரிமைகளைத் தருகிறது என்று. கம்பைலரின் மூலநிரலை அந்த வகுப்பறையிலேயே பதிவிறக்கித் திறந்து காட்டுவதற்கு ஆசிரியர் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.